தொண்ணூறில் இருக்கும் நூறு

அத்தியாயம் ஒன்பது

வாசுபூஜ்யன் சாருக்கு எண்கள் மறந்துபோன விஷயம் செஞ்சி டவுனில் இதுவரை ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்திக்கும் கணக்குக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம்.

அவள் சாரின் மனைவி பிரம்மி.

தீபாவளி கழிந்த கையோடு சாருக்குத் தலைக்குள் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டதையும், பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்ததையும் முந்தைய வாரங்களில் பார்த்தோம். கோணிய வாய் நேரானது. வலது கை மெல்லத் திரும்பியது. பேச்சும் வந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் பெரிய கண்டம் தாண்டியாச்சு என்று சொல்லி, பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

தாண்டாத ஒன்று உள்ளே இருந்தது போன வாரம்தான் தெரிந்தது. பிரஷர் பார்க்கும் மெஷினில் விழுந்த எண்ணை சார் உற்றுப் பார்த்தார். ஒவ்வொரு இலக்கமாகச் சரியாகத்தான் படித்தார். ஆனால் அது அதிகமா குறைச்சலா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முகமெல்லாம் வியர்த்துப்போனது.

"யார்கிட்டயும் சொல்லிடாத பிரம்மி" என்றார்.

கெஞ்சுகிற குரல். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. அதனாலேயே யாரிடமும் சொல்லவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் அஜித்நாதனிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு வாரமாக அந்த வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டாச்சா, ஃபேனை நிறுத்தட்டுமா. அந்தப் பேச்சில் விஷயம் மட்டும் இல்லை.

இன்று சனிக்கிழமை. ஹெட்மாஸ்டர் கலியபெருமாள் அனந்தபுரத்து வீட்டிலிருந்து வருகிறார். சார் திங்கட்கிழமை வேலைக்கு வருவாரா மாட்டாரா என்று தெரிந்துகொண்டு போகத்தான் வருகிறார்.

"மணி இன்னா?" என்றார் சார். கடிகாரத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டுதான் கேட்டார்.

"பெரிய முள்ளு உச்சிக்கு வரப்போவுது. வர்ற நேரந்தான்."

"என்னா கேப்பாரு?"

"உடம்பு எப்டி இருக்குதுன்னு கேப்பாரு. வேற என்னாத்த கேக்கப்போறாரு?"

சார் சட்டைப் பித்தானைப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி போட்டார். பிரம்மி பார்த்தும் பார்க்காததுபோல சமையலறைக்குள் போனாள்.

இந்த மனுஷன் எப்படி இருந்தவர் என்று செஞ்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாசுபூஜ்யன் சாருக்குப் பிரம்பே வேண்டாம், ஒரு கேள்வி போதும். "பதினேழெட்டு?" வகுப்பில் மட்டுமா கேட்டார்? பஸ் ஸ்டாண்டில் கேட்டார். கறிவேப்பிலை வாங்கும்போது கேட்டார். மாலையும் கழுத்துமாக மணமேடையில் நின்ற பழைய மாணவனிடம் கேட்டு, அவன் முழித்ததைப் பார்த்து மணப்பெண் சிரித்ததுகூட உண்டு. கேட்ட மாத்திரத்தில் பதில் வரவேண்டும். யோசித்தால் போச்சு. "யோசிக்கிறவனுக்குக் கணக்கு வராதுடா, ஏறு பெஞ்சு மேல" என்பார்.

பிரம்மியைப் பெண் பார்க்க வந்த அன்றும் அதையேதான் கேட்டார்.

சபையில் அவளுடைய அப்பாதான் முந்திக்கொண்டு சொன்னார். "மாப்ள, அவகிட்ட அதைக் கேக்காதீங்க. அவ எழுத்துப் பொண்ணு. எண்ணு எல்லாம் சின்னவளுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சமண வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான் அது. ஆதிபகவன் தன் இரண்டு மகள்களையும் மடியில் உட்காரவைத்துப் பாடம் சொன்னாராம். வலது மடியில் இருந்த பிரம்மிக்கு எழுத்து. இடது மடியில் இருந்த சுந்தரிக்கு எண். பிரம்மியின் அப்பா தன் பெண்கள் இருவருக்கும் அந்தப் பெயர்களையே வைத்தார். வைத்ததோடு விட்டிருக்கலாம். மூத்தவள் கழித்தல் கணக்கில் தடுமாறி அழும்போதெல்லாம், "விடும்மா, அது உனக்கு எழுதல" என்று சிலேட்டை வாங்கி வைத்துவிட்டுக் கதைப் புத்தகத்தைக் கொடுத்தார். செல்லம்தான். அந்தச் செல்லத்தில் பிரம்மிக்கு நாலாம் வகுப்போடு கணக்கு நின்றுபோனது. சுந்தரி திருவண்ணாமலையில் பேங்க் மேனேஜர் ஆகிவிட்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு வாசுபூஜ்யன் சாரும் அந்த வேடிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டார். வீட்டில் எண் வரும் இடமெல்லாம் அவருடையது. கேஸ் புக் பண்ணுவது, கரண்ட் மீட்டர் பார்ப்பது, பையன் மார்க். "உனக்கெதுக்கு அது? நான் பாத்துக்குறேன்." பார்த்துக்கொள்ளத்தான் செய்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் நாலு பேர் கூடினால், "எங்க வீட்ல நான் கணக்கு வாத்தியாரு, இவ கணக்குல வராதவ" என்பார். ஜனங்கள் சிரிப்பார்கள். பிரம்மியும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் அதற்கு வேறு விளக்கம் சொல்லவேண்டுமே.

வாசலில் பைக் நின்ற சத்தம் கேட்டது.

கலியபெருமாள் நல்ல மனிதர். உள்ளே வரும்போதே குரல் வந்துவிடும். "சார், இன்னா சார் இது, மாப்ள மாதிரி உக்காந்திருக்கீங்க! உடம்புக்கு வந்தவர் மாதிரியா இருக்குது?"

"வாங்க சார், வாங்க" என்றார் வாசுபூஜ்யன். குரல் கணீரென்று இருந்தது. பிரம்மிக்கே ஆச்சரியம்.

"நீங்க இல்லாம பத்தாவது அம்போன்னு நிக்குது சார். பப்ளிக் எக்ஸாம் கிட்ட வந்துடுச்சு. தற்காலிகமா ஒரு பையனைப் போட்டாங்க. நல்ல பையன்தான். ஆனா பசங்க அவனை ஏறி மேயுதுங்க. உங்க குரல் வராண்டாவுல கேட்டாதான் சார் அடங்குவாங்க."

"வரணும்னுதான் இருக்கேன்."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"கை கால் பேச்சு எல்லாம் சரியா போச்சுன்னாரு."

அது பொய்யில்லை. கை, கால், பேச்சு மூன்றையும்தான் டாக்டர் பார்த்தார். எண்ணைப் பற்றிக் கணக்கு வாத்தியாரிடம் யார் கேட்பார்கள்?

பிரம்மி மோர் டம்ளருடன் உள்வாசலில் நின்றாள். கலியபெருமாள் டம்ளரை வாங்கிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சார், கோச்சுக்காதீங்க. ஊரையே நீங்க கேட்ட கேள்வி. இன்னிக்கு ஒரு தடவை உங்களை நான் கேக்கணும்னு வழியெல்லாம் நெனச்சிக்கினே வந்தேன். சொல்லுங்க, பதினேழெட்டு?"

பிரம்மி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அடுப்பில் ஏதோ கருகுது என்று கத்தலாமா? மயக்கம் வருகிற மாதிரி விழுந்துவிடலாமா? கணவனின் முகத்தைப் பார்க்கப் பயந்து கலியபெருமாளின் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பதினேழெட்டு நூத்தி முப்பத்தாறு" என்றார் சார்.

அதோடு நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தலை லேசாக ஆடியது. "பதினேழொம்பது நூத்தி அம்பத்தி மூணு. பதினேழு பத்து நூத்தி எழுபது. பதினெட்டொண்ணு பதினெட்டு, பதினெட்டு ரெண்டு முப்பத்தாறு…"

ராகம் மாறாமல் வந்துகொண்டே இருந்தது. கலியபெருமாள் கைகொட்டினார்.

"போதும் சார், போதும்! இதுக்கு மேல இன்னா வேணும்? ஆஸ்பத்திரியில படுத்தாலும் சிங்கம் சிங்கந்தான்." பிரம்மியிடம் திரும்பினார். "அம்மா, திங்கக்கிழமை நேரத்துக்கு டிபன் கட்டிக் குடுத்துடுங்க. முதல் பீரியடே பத்தாவது போட்டுர்றேன்."

பைக் சத்தம் திண்டிவனம் ரோட்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது. சார் எழுந்து நின்றார். முகத்தில் எப்போதோ பார்த்த வெளிச்சம்.

"பாத்தியா? வந்துடுச்சு பிரம்மி! எல்லாம் வந்துடுச்சு. பதினெட்டு, பத்தொம்பது எல்லாம் நாக்கு நுனியில நிக்குது. வீணா பயந்துட்டேன்."

அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷ அழுகை. ஆனால் ஒரு வாரமாகப் பக்கத்திலேயே இருந்தவளுக்கு ஒரு சந்தேகமும் கூடவே வந்தது. வாயை அடக்கிக்கொண்டிருக்கலாம். அடக்க முடியவில்லை.

"ஏங்க, அந்த நூத்தி முப்பத்தாறு இருக்குதில்ல. அது பெருசா, தொண்ணூறு பெருசா?"

சார் மேலே விட்டத்தைப் பார்த்தார்.

"தொண்ணூறு" என்றார் மெதுவாக. பிறகு, "இரு… அதுலயும் நூறு இருக்குதே. தொண்… நூறு. நூறு ரெண்டுத்துலயும் இருக்குது. தொண்ணுன்னா எவ்ளோ?"

நாலாம் வகுப்பில் பிரம்மி சொன்ன பதில் அது. தொள்ளாயிரம் பெரியதா, ஆயிரம் பெரியதா என்று கேட்டார்கள். தொள்ளாயிரத்தில்தான் ஆயிரம் அப்படியே இருக்கிறதே, அதோடு தொள் வேறு சேர்ந்திருக்கிறதே, ஆகவே தொள்ளாயிரம்தான் பெரியது என்று சொன்னாள். எழுத்துப் பெண் அல்லவா, சொல்லைப் பிரித்துப் பார்த்துச் சொன்னாள். வகுப்பே சிரித்தது. வாத்தியார் வெயிலில் நிற்கவைத்தார். ஏன் அப்படி நினைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் இதைக் கணவனிடம் ஒரு நாள் மனம்விட்டுச் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் அனைவருக்கும் சொல்லியாகிவிட்டது. வருஷா வருஷம் புது வகுப்புக்கும் சொன்னார், பெயர் சொல்லாமல், "எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா" என்று.

இப்போது அதே பதில், அவர் வாயிலிருந்து.

ஒரு கணம் பிரம்மிக்கு உள்ளே குளிர்ந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நன்றாகவே குளிர்ந்தது. நல்லா வேணும் என்றுகூட மனசு சொன்னது. அடுத்த கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், குளிர்ந்த இடமெல்லாம் எரிய ஆரம்பித்தது.

"உனக்கு சந்தோஷமா இருக்குதா?" என்றார் சார்.

"அய்யோ, இன்னாங்க பேசறீங்க?"

"இல்ல, இருந்தா தப்பில்ல."

அறைக்குள் போய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிரம்மி கதவுவரைக்கும் போனாள். உள்ளே போகக் கால் வரவில்லை.

வாய்ப்பாடு அவருக்குப் போகவில்லை. வாய் மட்டும் தனியாக ஓடுகிறது. அதற்குப் பின்னால் இருக்கவேண்டியதுதான் காணவில்லை. இதை வெளியிலிருந்து பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஹெட்மாஸ்டராலேயே முடியவில்லையே. திங்கட்கிழமை ராகத்தோடு சொல்லிக்கொண்டே போவார். கரும்பலகை முன்னால் எங்கேயோ ஓரிடத்தில் நின்றுவிடுவார். அப்போது நாற்பது பிள்ளைகள் சிரிக்கும். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று பிரம்மிக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

யாரிடமாவது சொன்னால்தான் ஆகும் என்று தோன்றியது. சுந்தரிக்கு போன் போட்டாள்.

"சொல்லுக்கா. மாமா எப்டி இருக்காரு?"

"நல்லா இருக்காரு. ஹெச்.எம். வந்துட்டுப் போனாரு."

"சூப்பர். அப்புறம் ஏன் குரல் ஒரு மாதிரி இருக்குது?"

"ஒண்ணுமில்ல. சுந்தரி, ஒண்ணு கேக்கணும். நூறுன்னு சொன்னா உனக்கு உள்ள இன்னா தெரியும்?"

"இன்னாக்கா?"

"இல்ல, நூறுன்னு கேட்டதும் இவ்ளோன்னு உனக்கு உள்ள ஏதாச்சும் தோணுமா? தொண்ணூறுன்னா அதைவிடக் கொஞ்சம் கம்மின்னு தானா தோணுமா?"

சுந்தரி சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை. சின்ன வயசிலிருந்து சிரிக்கிற அதே சிரிப்பு. "அக்கா, அப்பா சொன்னது மறந்துபோச்சா? நீ எழுத்து, நான் எண்ணு. இந்த வயசுல எதுக்கு என் பக்கத்து மடியில வந்து உக்காரப் பாக்குற? மாமாவையே கேளு, வாய்ப்பாட்டோட சொல்லுவாரு. ஆள் நிக்குதுக்கா, அப்புறம் பேசறேன்."

போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை.

கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ரோட்டில் மார்க்கெட் கமிட்டிக்குப் போகும் நெல் டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எதிர்வீட்டு மாடிக்கு மேலே ராஜகிரிக் கோட்டை மலையின் பாறைகள் வெயிலில் காய்ந்தன. பக்கத்து வீட்டில் சீரியல் ஓடியது, யாரோ அழுதார்கள். தனக்கு மட்டும்தான் ஊரில் பேச ஆளில்லை என்று பிரம்மிக்குத் தோன்றியது. ஆளில்லாமல் என்ன? இத்தனை வருஷமாக எண் என்று வந்தால் அவள் தனியாகத்தான் இருந்தாள். டிக்கெட் வாங்கும்போது உதடு அசையாமல் விரலுக்குள் எண்ணிக்கொண்டது, சார் ஃபிரிட்ஜ் மேல் எழுதி ஒட்டிய மாதச் செலவு அட்டவணையைப் பார்த்துத் தலையாட்டியது, எல்லாம் தனியாகத்தான். இப்போது உள்ளே படுத்திருக்கிற மனுஷனும் அந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார். ஒரே இடத்தில் இரண்டு பேர் இருந்தும் துணையாக இல்லை. அதுதான் தாங்கவில்லை.

மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு தானாக எழுந்து முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"வா, ஸ்கூலுக்குப் போயிட்டு வரலாம்."

"இப்பவா? சனிக்கிழமைல?"

"யாரும் இருக்கமாட்டாங்கல்ல. அதுக்குத்தான். ஒரு தடவை நின்னு பாத்துர்றேன். நீ பசங்க மாதிரி உக்காரு."

"பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டாகணுமே." அந்த வீட்டில் விளக்கு வைத்த பிறகு சாப்பிடும் வழக்கமில்லை.

"வந்து சாப்டலாம். வா பிரம்மி."

நடந்தார்கள். டீக்கடையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் குஷியாகக் கத்தியது. "நூத்தி முப்பத்தாறு சார்!"

கேட்பதற்கு முன்பே பதில். ஊரில் சாருக்கு அதுதான் வணக்கம். சார் கையைத் தூக்கிக் காட்டினார். தூக்கிய கை இறங்க வெகுநேரம் ஆனது.

பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் பாவாடை ஓடிவந்து கேட்டைத் திறந்தார். "சார்! வந்துட்டீங்களா சார்!" என்று கண்கலங்கினார். பத்தாம் வகுப்பு அறையைத் திறந்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

சாக்பீஸ் தூசியும் வியர்வையும் கலந்த வாடை. பிரம்மி எந்த பெஞ்சில் உட்காருவது என்று தயங்கினாள். கால் தானாகக் கடைசி பெஞ்சுக்குப் போனது.

மேடை ஏறியதும் சார் நிமிர்ந்தார். "ம், எல்லாரும் உக்காருங்க. பரீட்சை கிட்ட வந்துடுச்சு, அடிப்படையிலேர்ந்து பாத்துடலாம். ரெண்டு பின்னம் குடுத்து எது பெரிசுன்னு கேட்டா இன்னா பண்ணணும்?"

கரும்பலகையில் எழுதினார். மேலே மூன்று, கீழே நான்கு. பக்கத்தில் மேலே இரண்டு, கீழே மூன்று. எழுத்து கொஞ்சமும் கோணவில்லை.

"சார்" என்றாள் பிரம்மி. அவளுக்கே சிரிப்பு வந்தது. "அந்த முதல்ல இருக்கறது இன்னா சார்?"

"நாலில் மூணு. முக்கால்."

"முக்காலா? முக்காப்படியில வர்ற முக்காலா?"

"ஆமா."

"முக்கால்தான் எனக்குத் தெரியுமே! அதை ஏன் ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி எழுதறாங்க?"

"அது அப்படித்தான்" என்றார் சார். ஆயிரம் தடவை சொன்ன பதில் அது. இன்று சொல்லும்போது அவருக்கே அது பதிலாகத் தெரியவில்லை போலிருக்கிறது, பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பாடத்தைத் தொடர்ந்தார்.

"குறுக்குப் பெருக்கல். மூணு மூணு ஒம்பது. நாலு ரெண்டு எட்டு." சாக்பீஸ் டக்டக்கென்று ஓடியது. ஒன்பது. எட்டு. அதற்குக் கீழே முக்கோணமாக மூன்று புள்ளி வைத்தார். "எனவே…"

நின்றார்.

பிரம்மி காத்திருந்தாள். சாக்பீஸ் பலகையைத் தொட்டபடியே இருந்தது. வழி முழுவதும் சரியாக நடந்து வந்தவருக்கு வீட்டு வாசல் தெரியவில்லை. ஒன்பதைப் பார்த்தார். எட்டைப் பார்த்தார். அவருடைய கழுத்துப் பின்புறம் வியர்ப்பது கடைசி பெஞ்சுக்கே தெரிந்தது.

"எனவே…" என்றார் மறுபடியும்.

"ஒண்ணுலேர்ந்து சொல்லிப் பாருங்க" என்றாள் பிரம்மி, மெல்ல. "நான் அப்டித்தான் பண்ணுவேன். எது முதல்ல வருதோ அது சின்னது."

அவர் திரும்பவில்லை. ஒன்று, இரண்டு என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே போனார். பலகையைப் பார்த்து நின்று, பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாக எண்ணினார்.

"எட்டு முதல்ல வருது."

"ஆங். அப்ப ஒம்பது பெருசு."

"எவ்ளோ பெருசு?"

பிரம்மி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். அவர் அந்த விரலை வெகுநேரம் பார்த்தார்.

"எப்பவும் இப்படித்தானா உனக்கு?"

"சின்னதுல இருந்து இப்படித்தான்."

"இந்த பெஞ்சுல உக்காந்த பசங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா பிரம்மி? யோசிச்சா பெஞ்சு மேல ஏத்துனேனே."

"எனக்கு எப்டி இருந்துச்சுன்னுதாங்க தெரியும். அவங்களைப் பத்தி எனக்கென்னா தெரியும்?"

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் மனசில் இருந்தது அதுதான். அவரும் ஆறுதலை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

பிரம்மியின் மடியில் இருந்த சாரின் போன் அடித்தது. ஹெட்மாஸ்டர்.

"ஸ்பீக்கர்ல போடு" என்றார் சார்.

"ஏங்க…"

"போடுன்றேன்ல."

போட்டாள். கலியபெருமாளின் குரல் காலி அறை முழுக்க நிறைந்தது. "சார்! பாவாடை இப்பதான் போன் பண்ணான். சனிக்கிழமையும் கிளாஸ்ல நிக்கிறீங்களாமே! உங்களை மாதிரி ஒருத்தரை இனிமே எந்த ஸ்கூல்லயும் பாக்க முடியாது சார்."

"சார்" என்றார் வாசுபூஜ்யன். சாக்பீஸ் இன்னும் கையில் இருந்தது. "போர்டுல ரெண்டு நம்பர் எழுதி வெச்சிருக்கேன். எட்டு, ஒம்பது. இதுல எது பெருசுன்னு பாத்தா எனக்குத் தெரியல சார். பிரம்மிதான் சொன்னா."

போனில் சிரிப்பு வெடித்தது. அடக்க முடியாத, கள்ளமில்லாத, நல்ல மனிதர் ஒருவரின் சிரிப்பு. "அய்யோ சார்! சார், முடியல சார்! இதை மட்டும் திங்கக்கிழமை பசங்ககிட்ட சொல்லிடாதீங்க, அடக்கவே முடியாது! அம்மாவையும் கூட்டிக்கினு வந்து…" சிரிப்பில் வார்த்தை சிக்கி, மறுபடி சிரிப்பு.

சார் அசையவில்லை. அந்தச் சிரிப்பை முழுசாக வாங்கிக்கொண்டு, யாரோ ஏறி நிற்கச் சொன்னதுபோல மேடையில் நின்றார். பிரம்மி போனை வாயருகே கொண்டுபோனாள். ஹெட்மாஸ்டரிடம் அவள் இதுவரை மோர் சாப்பிடுறீங்களா என்பதைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

"சிரிக்காதீங்க சார்" என்றாள். "அவரு நெசமாத்தான் சொல்றாரு."

சிரிப்பு பாதியில் நின்றது. போன் கட்டாகவில்லை. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

வாசுபூஜ்யன் சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். மேடையை விட்டு இறங்கி, பெஞ்சுகளுக்கு நடுவே மெதுவாக நடந்து வந்து, கடைசி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரம்மி நகர்ந்து இடம் கொடுத்தாள்.